மெத்தையும் விற்பனைக் கவுண்டரும்: சேலம் ஜவுளிக் கடை ஒன்றில் ஆண் வேலை, பெண் வேலை

சேலம் பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் உள்ள மூன்று தள ஜவுளிக் கடை ஒன்றில், ஆடி விற்பனை தொடங்கச் சில வாரங்கள் இருந்தபோது பட்டுப் பிரிவில் ஓர் இடம் காலியானது. நெடுங்காலம் அங்கே இருந்த மூத்த விற்பனையாளர் முழங்கால் வலியால் வேலையை விட்டு நின்றுகொண்டார். அந்த இடத்தைத் தனக்குத் தருமாறு, முதல் தளத்தில் பூனம், காட்டன் புடவைகள் விற்றுவந்த, பதினொரு ஆண்டுப் பணி அனுபவம் கொண்ட பெண் ஒருவர் கேட்டார். "பார்க்கலாம்மா" என்று மேலாளர் சொன்னார். அடுத்த வாரமே, குடோனில் இரண்டு ஆண்டுகளாகக் கட்டுத் தூக்கிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் பட்டுப் பிரிவில் உட்காரவைக்கப்பட்டார்.

இந்தச் செய்தி என்னிடம் வந்த வழியையும் சொல்லிவிட வேண்டும். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளகக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதில் வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும் இடம்பெற வேண்டும். இந்தக் கடையின் குழுவில் அந்த வெளி உறுப்பினர் நான். ஆண்டுதோறும் நடத்தும் விழிப்புணர்வு வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, இடம் கேட்ட அந்தப் பெண் நின்று, "மேடம், இது உங்க கமிட்டிக்கு வர்ற விஷயமான்னு தெரியல" என்று தொடங்கினார். அது எங்கள் குழுவின் அதிகாரத்துக்குள் வரவில்லை. அவரை யாரும் தவறாகத் தொடவோ பேசவோ இல்லை. ஒருவருடைய விருப்பத்துக்கு இணங்காததால் இடம் மறுக்கப்பட்டதும் இல்லை. ஆயினும் அதைக் கேட்டுவிட்டு எழுந்து வர எனக்கு மனம் வரவில்லை. முதலாளியிடம் அனுமதி பெற்று, பல வாரங்கள் கடையின் வேலைப் பங்கீட்டைக் கவனித்தேன்; இரு பாலரிடமும் தனித்தனியே பேசினேன். கடையின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் இங்கே தவிர்த்திருக்கிறேன்.

யார் எங்கே நிற்கிறார்கள்

தரைத்தளத்தின் முன்பகுதியில் பட்டு. அதற்கு அடுத்து வேட்டி, சட்டைத் துணி. முதல் தளத்தில் பூனம், காட்டன், சில்க் காட்டன் புடவைகள், சுடிதார், மேட்சிங் ப்ளவுஸ். இரண்டாம் தளத்தில் சிறுவர் ஆடை, நைட்டி, உள்ளாடை, ரெடிமேட். பட்டிலும் வேட்டியிலும் விற்பவர்கள் அனைவரும் ஆண்கள். மேல் இரண்டு தளங்களிலும் விற்பவர்கள் ஏறக்குறைய அனைவரும் பெண்கள். ஆனால் அந்தத் தளங்களின் சூப்பர்வைசர்கள் ஆண்கள். பில் போடுவதும் பேக்கிங்கும் பெண்களுக்கு. பணம் வாங்கும் கல்லா முதலாளியின் உறவினரான ஓர் ஆணுக்கு. குடோன், லோடு இறக்குதல், டெலிவரி ஆகியவை ஆண்களுக்கு. கூட்டிப் பெருக்குவது பெண்களுக்கு.

கடையின் எந்த விதியிலும் எழுதிவைக்கப்படாத இந்தப் பங்கீடு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. கடை வீதியில் நடப்பவர்கள் யாரும் பார்த்திருக்கக்கூடிய அட்டைதான் அது: "விற்பனைக்குப் பெண்கள் தேவை, குடோனுக்கு ஆண்கள் தேவை." அதைப் படித்துவிட்டு உள்ளே வரும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கும் பத்தொன்பது வயது ஆணுக்கும் முதல் நாளில் சம்பளம் பெரிதாக வேறுபடுவதில்லை. சொல்லப்போனால் குடோனில் சேரும் பையன்தான் அதிகம் அல்லல்படுகிறான். ஆனால் குடோனிலிருந்து பட்டுக்கும், பட்டிலிருந்து சூப்பர்வைசர் வேலைக்கும், அங்கிருந்து கொள்முதலுக்கு முதலாளியோடு காஞ்சிபுரமும் ஆரணியும் போகிற நிலைக்கும் ஒரு படிக்கட்டு இருக்கிறது. சுடிதார் கவுண்டரிலிருந்து எங்கும் போகப் படிக்கட்டு இல்லை. பதினொரு ஆண்டுகளில் அந்தப் பெண் பெற்ற மாற்றம், சுடிதாரிலிருந்து பூனம் புடவைக்கு மாறியது ஒன்றுதான்.

பணத்தின் வேறுபாடு சம்பளத்தை விட இன்சென்டிவில் இருக்கிறது. இந்தக் கடையின் உண்மையான விகிதத்தை நான் வெளியிடவில்லை. கணக்கு புரிவதற்காக, விற்ற தொகையில் நூற்றுக்கு அரை ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20,000 ரூபாய்ப் பட்டுப் புடவை ஒன்றை விற்றால் 100 ரூபாய் கிடைக்கும். 800 ரூபாய் சுடிதார் துணி ஒன்றை விற்றால் 4 ரூபாய் கிடைக்கும். ஒரு பட்டுப் புடவைக்கு ஈடாக இருபத்தைந்து சுடிதார் துணிகளை எடுத்துப் பிரித்துக் காட்டி, மடித்து, மறுபடி அடுக்க வேண்டும். விகிதம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று மேலாளர் சொன்னது உண்மை. விகிதம் ஒன்றாகவே இருந்தும், யாரை எந்தப் பொருளின் முன் நிறுத்துகிறோம் என்பதிலேயே மாத வருமானம் முடிவாகிவிடுகிறது.

சொல்லப்பட்ட காரணங்கள்

மேலாளரும் முதலாளியும் சூப்பர்வைசர்களும் எனக்கு நான்கு காரணங்கள் சொன்னார்கள். அவர்கள் ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். "எங்கப்பா காலத்திலிருந்தே பட்டுக்கு ஆம்பளைங்கதானுங்க மேடம்" என்று முதலாளி சொன்னபோது, அவர் எதையும் மறைக்கவில்லை. வேறு எப்படியும் இருக்கலாம் என்று அவர் நினைத்துப் பார்த்திருக்கவே இல்லை.

முதல் காரணம் எடை. பட்டுக் கட்டு கனமானது, மேல் ரேக்கில் ஏறி எடுக்க வேண்டும் என்றார்கள். ஆடித் தள்ளுபடி நாட்களில் லிப்ட் போதாமல், பூனம் புடவைக் கட்டுகளை முதல் தளத்துக்குப் படியேறிச் சுமந்தவர்கள் அந்தத் தளத்துப் பெண்கள் என்பதை நான் பார்த்தேன். இரண்டாம் தளத்துக்குத் தண்ணீர் கேன் கொண்டுபோவதும் கூட்டிப் பெருக்கும் பெண்மணிதான். பட்டுப் பிரிவில் உயரத்திலிருந்து எடுத்துப் போடுவதற்கென்றே ஒரு பையன் இருக்கிறான். விற்பவர் எழுந்திருப்பதே அபூர்வம்.

இரண்டாவது, வாடிக்கையாளர் விருப்பம். உள்ளாடையையும் நைட்டியையும் பெண்கள் விற்பதற்கு, வாங்குபவர்கள் பெண்கள் என்பதே காரணம் என்றார்கள். அது நியாயமானது. ஆனால் முகூர்த்தப் பட்டு வாங்க வருபவர்களும் பெண்கள்தானே? மணப்பெண்ணும் தாயும் அத்தையும் சித்தியும் எதிரே உட்கார்ந்திருக்க, ஓர் ஆண் தன் தோளில் முந்தானையைப் போட்டுக் காட்டுகிறார். பழகிவிட்டதால் அதில் நமக்கு ஒன்றும் வேறுபாடாகத் தெரிவதில்லை. ஒரே வாடிக்கையாளரை வைத்து, இரண்டாம் தளத்தில் ஒரு முடிவும் தரைத்தளத்தில் அதற்கு நேர்மாறான முடிவும் எடுக்கப்பட்டிருக்கின்றன.

மூன்றாவது, இரவு நேரம். கடைகளை ஆண்டு முழுவதும் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்க அனுமதித்து 2019இல் வந்து, பின்னர் நீட்டிக்கப்பட்ட தமிழ்நாடு அரசாணை, பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பதைப் பொதுவிதியாக வைத்து, எழுத்துமூலமான சம்மதமும் பாதுகாப்பும் இருந்தால் விலக்கு அளிக்கிறது. இந்தக் காரணத்தை நான் எளிதாக ஒதுக்கவில்லை. வாழப்பாடி, ஓமலூர் பக்கத்துப் பெண்களுக்குக் கடைசிப் பேருந்து என்பது உண்மையான கவலை. ஆனால் முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிற குடும்பங்கள் நல்ல நேரம் பார்த்து, பெரும்பாலும் முற்பகலில், வேன் பிடித்து வருகிறார்கள். கடையின் பெரிய பட்டு விற்பனை அந்த வேளையில்தான் நடக்கிறது. இடம் கேட்ட பெண்ணோ சேலம் நகருக்குள்ளேயே இருக்கும் அம்மாப்பேட்டைக்காரர். பேருந்து தவறினாலும் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். பொதுவாகப் பெண்களுக்குச் சொல்லப்படும் காரணம் அவருக்குப் பொருந்தவில்லை. இருந்தும் அதுவே அவருக்கும் சொல்லப்பட்டது.

நான்காவது காரணம்தான் முக்கியமானது: "பொண்ணுங்களே கேக்கறதில்லைங்க மேடம்."

கேட்காமல் இருப்பதன் காரணம்

இதே வாதம் அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சியர்ஸ் என்னும் பெரிய கடை நிறுவனத்தின் மீது சம வேலைவாய்ப்பு ஆணையம் தொடுத்த வழக்கில், கமிஷன் அடிப்படையில் விலை உயர்ந்த பொருட்களை விற்கும் வேலைகளில் ஆண்களே நிறைந்திருந்ததற்கு, பெண்களுக்கு அந்த வேலையில் ஆர்வம் குறைவு என்பதே காரணம் என்று நிறுவனம் வாதிட்டது. ஆணையம் பெரும்பாலும் புள்ளிவிவரத்தையே நம்பியிருந்தது. பாதிக்கப்பட்ட பெண் ஒருவரைக்கூடச் சாட்சியாக நிறுத்தவில்லை. 1986இல் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 1988இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. ஆனால் 1992இல், கலிபோர்னியாவின் லக்கி பல்பொருள் அங்காடிகள் மீதான வழக்கில் முடிவு வேறாக அமைந்தது. அங்கே பெண்கள் பேக்கரிக்கும், சமைத்த உணவு விற்கும் பகுதிக்கும் அனுப்பப்பட்டார்கள். மேலாளர் பதவிக்கு வழிவிடும் காய்கறிப் பிரிவும் இரவு அடுக்கும் வேலையும் ஆண்களுக்குப் போயின. காலியிடங்கள் அறிவிக்கப்படவில்லை, தேர்வுக்கு எழுதிய அளவுகோல் இல்லை, மேலாளர்களின் விருப்பமே முடிவு என்ற நிலையில், ஆர்வம் இல்லை என்ற வாதம் எடுபடவில்லை.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் மனத்தில் வைத்துத்தான் நான் பெண்களிடம் பேசினேன்: கேட்காதது விருப்பமின்மையா, கேட்பதற்கான வழியே இல்லாததா? சாப்பாட்டு ஷிப்ட்டில் மெஸ்ஸில் உட்கார்ந்து கேட்டபோது, பெரும்பாலோர் பட்டில் இடம் காலியானதையே அறிந்திருக்கவில்லை என்பது தெரிந்தது. இடம் காலியாவதும் நிரம்புவதும் மேலாளரின் மேசையிலேயே முடிந்துவிடுகின்றன. கேட்டால் வாய் நீளம் என்று பெயர் வாங்க வேண்டியிருக்கும் என்று ஹாஸ்டலில் தங்கியிருந்த இருவர் சொன்னார்கள். ஹாஸ்டல் இடமும் வேலையும் ஒரே கையில் இருக்கும்போது அந்த அச்சம் சிறியதன்று.

ஆனால் நான் எதிர்பார்க்காத பதில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. அது மெத்தை.

இந்தக் கடையில் பட்டு இன்னும் பழைய முறையில்தான் விற்கப்படுகிறது. வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் விற்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வாங்குபவர்கள் எதிரே அமர்வார்கள். "ஆம்பளைங்ககூட ஒரே மெத்தையில உட்கார்ந்தா, பார்க்கிறவங்க என்ன பேசுவாங்க மேடம்?" என்று திருமணமாகாத பெண் ஒருவர் கேட்டார். அவர் சொன்னதை வெறும் கூச்சம் என்று தள்ளிவிட முடியாது. அவருக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மெத்தை வேறொரு வகையிலும் இந்தக் கதையின் நடுவில் இருக்கிறது. பட்டு விற்பது கற்றுக்கொள்ள வேண்டிய தொழில். உடலுக்கும் கரைக்கும் தனித்தனி ஊடை நூல் ஓட்டி, தறியிலேயே பிணைத்து நெய்த கோர்வைப் புடவை எது, சரிகையின் தரம் என்ன, சில்க் மார்க் அட்டை எதற்கு உறுதியளிக்கிறது, சேலத்தை அடுத்த இளம்பிள்ளை ஊரில் நெய்யும் செயற்கைப் பட்டை உண்மைப் பட்டிலிருந்து எப்படிப் பிரித்தறிவது ஆகிய எதற்கும் இங்கே பயிற்சி வகுப்பு கிடையாது. மூத்தவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் புடவையைப் பிரித்து வீசும்போது எதிர்முனையைப் பிடித்து, மடித்துக்கொடுத்து, மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கற்கிறார்கள். குடோன் பையன் கட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்தால் யாரும் எதுவும் சொல்வதில்லை. முதல் தளத்துப் பெண் கீழே வந்து உட்கார்ந்தால் "உனக்கு இங்க என்னம்மா வேலை?" என்ற கேள்வி வருகிறது. பெண்களுக்குப் பட்டு தெரியாது என்று பின்னர் சொல்லப்படுவது இங்கிருந்துதான் உருவாகிறது.

இடம் கேட்ட பெண்ணைப் பொறுத்தவரை அதுவும் உண்மையில்லை. அவர் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவின் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்தவர். இரண்டு புடவைகளை எடுத்து, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, கரையை விரலால் நெருடியே எதில் சரிகை நல்லது என்று எனக்குச் சொன்னார். பட்டுப் பிரிவின் மூத்தவர் ஒருவரிடம் பிறகு அதே புடவைகளைக் காட்டினேன். அவரும் அதையே சொன்னார். குடோனிலிருந்து வந்த இளைஞருக்கு அப்போது தெரியவில்லை, அவரும் அதை நேர்மையாக ஒப்புக்கொண்டார்.

இன்னொன்று. கடை முழுவதிலும் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் பட்டுப் பிரிவு ஆண்களும், கல்லாவும், பில் போடும் பெண்களும் மட்டுமே. மேல் தளப் பெண்கள் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருந்தார்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் சேர்க்கப்பட்ட 22-அ பிரிவு, வேலைக்கிடையே உட்கார வாய்ப்பு கிடைக்கும்போது உட்காரத் தக்க இருக்கை வசதியை எல்லாப் பணியாளர்களுக்கும் செய்துதர வேண்டும் என்கிறது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2018இல், கேரளம் இத்தகைய திருத்தத்தைக் கொண்டுவந்திருந்தது. அங்கே ஜவுளிக் கடைப் பெண்கள் பல ஆண்டுகள் போராடிப் பெற்ற உரிமை அது. இந்தக் கடையில் முதல் தளத்தில் ஸ்டூல்கள் இருந்தன. டிரையல் ரூமுக்குப் பின்னால் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிவைக்கப்பட்டிருந்தன. முழங்கால் வலியால் பட்டுப் பிரிவிலிருந்து ஒருவர் ஓய்வு பெற்ற அதே கடையில், நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் கால் வீங்கி நின்றுகொண்டிருந்ததை யாரும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை.

சட்டத்தின் எல்லை

1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ ஆண், பெண் என்று பிரித்துக் கூலி தருவதைத் தடுத்தது. ஆள் எடுப்பதிலும், 1987 திருத்தத்துக்குப் பின் பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் ஆகியவற்றிலும் பாகுபாட்டைத் தடுத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது. பழைய சட்டம் பயிற்சியையும் பதவி உயர்வையும் பெயர் சொல்லிக் குறித்தது. புதியது பணி நிபந்தனைகள் என்று பொதுவாகச் சொல்கிறது. இந்தக் கடை போன்ற இடங்களில் சிக்கல் பயிற்சியில்தான் இருக்கிறது என்பதால், அந்தச் சொல் மறைந்தது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

சுடிதார் விற்பதும் பட்டு விற்பதும் ஒத்த தன்மையுள்ள வேலைதானா என்பது இங்கே எழும் கேள்வி. 1987இல் மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்துக்கு எதிராக ஆட்ரி டி'காஸ்டா தொடர்ந்த வழக்கில், பெண் சுருக்கெழுத்தாளர்களின் வேலை ஆண்களுடையதிலிருந்து வேறுபட்டது என்ற நிறுவனத்தின் வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சிறு வேறுபாடுகளைப் பெரிதுபடுத்தாமல் வேலையின் தன்மையை விரிந்த பார்வையோடு பார்க்க வேண்டும் என்றும், அந்தப் பணியில் பெண்கள் மட்டுமே இருப்பதற்குக் காரணம் நிர்வாகம் அவர்களை அங்கே வைத்திருப்பதுதான் என்றும் அது கூறியது. நான் முதலாளியிடம் இதைச் சொன்னபோது வழக்குப் போடுவேன் என்ற தொனியில் சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் வழக்கை விரும்பவில்லை. அவருக்கு வேண்டியது பட்டுப் பிரிவில் ஓர் இடம்.

மாற்றியதும் மாறாததும்

முதலில் ஸ்டூல்கள் வெளியே வந்தன. அதற்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. வாசல் அட்டையும் மாறியது: "விற்பனைக்கும் குடோனுக்கும் ஆட்கள் தேவை." காலியிடங்களை வருகைப் பதிவு இயந்திரத்துக்கு அருகே ஒரு தாளில் ஒட்டி, ஏழு நாட்கள் விட்டு, கேட்பவர்களின் பெயர்களை எழுதிக்கொள்வது என்று முடிவானது.

மெத்தைதான் இழுபறியானது. கவுண்டர் போட்டுவிடலாம் என்று மேலாளர் சொன்னதும் பட்டுப் பிரிவு ஆண்கள் எதிர்த்தார்கள். அவர்களுடைய எதிர்ப்பைத் தன்னலம் என்று மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். ஆறு கெஜத்தையும் கவுண்டரில் விரிக்க முடியாது, முந்தானையும் உடலும் ஒரே வெளிச்சத்தில் விழாவிட்டால் நிறம் மாறித் தெரியும், வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவருவார்கள் என்றார்கள். அது சரியான பேச்சு. கடைசியில் நாற்காலி உயரத்துக்கு ஒரு அகலமான மரமேடை செய்து, அதன் மேல் மெத்தையை விரித்து, இருபுறமும் இருக்கைகள் போடப்பட்டன. முழங்கால் வலியால் நின்றுபோன மூத்தவர் அதைப் பார்க்க வந்தபோது, இது முன்பே இருந்திருந்தால் இன்னும் சில வருடம் ஓட்டியிருப்பேன் என்றார்.

ஆண்களின் இன்னொரு அச்சம் பங்கு பற்றியது. பட்டின் இன்சென்டிவில் ஒரு பகுதி பிரிவு முழுவதற்கும் பொதுவாகச் சேர்ந்து பிரிக்கப்படுகிறது. கூடுதலாக ஒருவர் வந்தால் ஒவ்வொருவருக்கும் குறையும். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் வரும் அந்தப் பணத்தை நம்பித்தான் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைத் தள்ளிவைத்திருப்பதாக ஒருவர் சொன்னார். எனவே ஆட்களின் எண்ணிக்கை கூட்டப்படவில்லை. குடோன் இளைஞரைத் திருப்பி அனுப்புவதும் நியாயமாக இருக்காது. அவர் இடத்தைப் பறித்துக்கொண்டு வந்தவர் அல்லர், அனுப்பப்பட்டு வந்தவர். வேட்டிப் பிரிவில் காலியான இடத்தை அவரே கேட்டு வாங்கிக்கொண்டு, சேலம் வெண்பட்டு வேட்டி விற்கப் போனார். ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்பாக அந்தப் பெண் பட்டுக்கு வந்தார்.

அறிவிப்புத் தாளில் நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. டெலிவரியில் இருந்த ஓர் இளைஞர் பில்லிங்குக்குப் பெயர் எழுதியிருந்தார். கணினிப் படிப்பு முடித்தவர். சேரும்போதே கேட்டதாகவும், "அது பொண்ணுங்க வேலைப்பா" என்று சொல்லப்பட்டதாகவும் கூறினார். சூப்பர்வைசர் பதவிகளில் இன்றும் ஒரு பெண்கூட இல்லை. ஹாஸ்டல் பெண்கள் யாரும் இதுவரை எந்தத் தாளிலும் பெயர் எழுதவில்லை. ஹாஸ்டல் பொறுப்பை மேலாளரிடமிருந்து பிரிக்க வேண்டும் என்ற என் யோசனை ஏற்கப்படவில்லை.

இதை எழுதும் நேரத்தில் ஒரு பிணக்கு தீராமல் இருக்கிறது. முற்பகலில் அந்தப் பெண் இரண்டு மணி நேரம் காட்டி, தேர்ந்து எடுத்துவைக்கச் சொல்லிவிட்டுப் போகிற குடும்பம், மாப்பிள்ளை வீட்டாரையும் அழைத்துக்கொண்டு இரவு எட்டரைக்குத் திரும்பி வருகிறது. அதற்குள் அவர் வீட்டுக்குப் போயிருப்பார். பில் போடும்போது சீட்டில் விற்பனையாளர் எண் என்று இருக்கும் கட்டத்தில், அப்போது மேடையில் இருக்கும் ஆணின் எண் எழுதப்படுகிறது. எடுத்துவைக்கும் பையிலேயே முதலில் காட்டியவரின் எண்ணை எழுதிவிடலாம் என்று அவர் கேட்டிருக்கிறார். விற்று முடித்தவருக்கும் பங்கு வேண்டாமா என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். இருவர் எண்ணையும் எழுதும்படி சீட்டை அச்சடிக்க முதலாளி ஒப்புக்கொண்டிருக்கிறார். யாருக்கு எவ்வளவு என்பது அடுத்த மாதக் கூட்டத்தில் பேசப்பட இருக்கிறது.